மதகைத் திறக்கும் குரல்

சின்ன ஒலியைப் பெரிதாக்குவதாகப் பெயர் வாங்கிய ஆம்ப்ளிஃபயர் உண்மையில் எதையும் பெரிதாக்குவதில்லை. லாங் ஐலண்ட் போன்ற ஒரு தீவில் இந்த உண்மைக்கு விலை உண்டு.

அந்தமானின் லாங் ஐலண்டுக்கு இரண்டு சரக்குகள் கடல் கடந்து வருகின்றன. ஒன்று, ஒளி. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்ட, சுமார் 2,300 கி.மீ. நீளமுள்ள சென்னை-அந்தமான் கடலடிக் கேபிள் இணைக்கும் தீவுகளில் இதுவும் ஒன்று. மற்றது, டீசல். அந்தமான் தீவுகளுக்கும் நாட்டின் மின் தொகுப்புக்கும் இணைப்புக் கிடையாது. தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டர்களிலிருந்துதான் வருகிறது. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேர்) கடல்வழியே சுமார் 80 கி.மீ. தள்ளியிருக்கும் இந்தத் தீவுக்கு அந்த டீசல் கப்பலேறித்தான் வந்தாக வேண்டும்.

ஆக, சென்னையில் ஒருவர் பாடினால் அந்தப் பாட்டு கண்ணிமைக்கும் நேரத்தில் லாங் ஐலண்டுக்கு வந்துவிடும். அதைத் திருவிழாப் பந்தலில் ஒலிக்கவைக்கும் பலம் அப்படி வராது. தகவலுக்கு ஒரு பாதை, சக்திக்கு இன்னொரு பாதை. இரண்டும் சந்திக்கும் இடம், பந்தலின் ஓரத்தில் மேஜைமேல் சூடாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டி: ஆம்ப்ளிஃபயர்.

இந்தப் பெட்டியைப் பற்றிப் பரவலாக இருக்கும் எண்ணம், அது சின்ன ஒலியை ஊதிப் பெரிதாக்குகிறது என்பது. அப்படி எதுவும் நடப்பதில்லை. உள்ளே போகும் சின்ன மின்னலை உள்ளேயே நின்றுவிடுகிறது. வெளியே வருவது சுவர் பிளக்கிலிருந்தோ பாட்டரியிலிருந்தோ எடுக்கப்பட்ட வேறு மின்சாரம். முன்னதன் சாயலில் பின்னது வார்க்கப்படுகிறது, அவ்வளவுதான்.

ஏரியும் மதகும்

தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க ஏரி போதும். மதகின் திருகைச் சுழற்றுகிறவரின் கைபலம் கொஞ்சம். மதகு வழியே பாயும் நீரின் பலமோ வயல்களை மூழ்கடிக்கும் அளவுக்கு. கைபலம் நீராக மாறவில்லை. எவ்வளவு நீர் பாய வேண்டும் என்று சொன்னது, அவ்வளவே. திருகை விநாடிக்குப் பல ஆயிரம் முறை ஒரு பாட்டின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் திறந்து மூடினால், பாயும் நீரும் அந்தப் பாட்டின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும்.

ஆம்ப்ளிஃபயரில் ஏரி என்பது பவர் சப்ளை. டிரான்ஸ்ஃபார்மர், டயோடுகள், டப்பா போன்ற பெரிய கெபாசிட்டர்கள் ஆகியவை சேர்ந்தது அது. 50 சைக்கிள் மின்சாரத்தில் இந்தக் கெபாசிட்டர்கள் விநாடிக்கு 100 முறை நிரம்புகின்றன. இடைப்பட்ட நேரத்தில் ஸ்பீக்கருக்கு வாரி வழங்குகின்றன. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தர வேண்டுமானால் அலையின் உச்சியில் 40 வோல்ட்டும் 5 ஆம்பியரும் தேவை. கொஞ்சம் கையிருப்பும் சேர்த்து ஒரு பக்கம் +50 வோல்ட், மறுபக்கம் -50 வோல்ட் என்று ஏரியைக் கட்டுவார்கள்.

மதகு என்பதுதான் மாஸ்ஃபெட். மெட்டல் ஆக்ஸைடு செமிகண்டக்டர் ஃபீல்டு எஃபெக்ட் டிரான்ஸிஸ்டர் என்ற நீளமான பெயரின் சுருக்கம். 1959-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எகிப்தில் பிறந்த முகமது அட்டாலாவும் கொரியாவில் பிறந்த டாவோன் காங்கும் உருவாக்கியது. இன்று கம்ப்யூட்டர் சில்லுகளில் கோடிக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டிருப்பதும் இதே இனம்தான். ஒலிக்கான பெரிய மாஸ்ஃபெட்டுகள் 1970-களின் பிற்பகுதியில் ஜப்பானின் ஹிட்டாச்சி வழியாகச் சந்தைக்கு வந்தன.

தொடாமல் திறக்கும் வாசல்

மாஸ்ஃபெட்டுக்கு மூன்று கால்கள்: சோர்ஸ், டிரெய்ன், கேட். ஊற்று, வடிகால், வாசல் என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். ஊற்றுக்கும் வடிகாலுக்கும் நடுவே மின்சாரம் பாயுமா, எவ்வளவு பாயும் என்பதை வாசலில் வைக்கும் வோல்டேஜ் முடிவு செய்கிறது.

விசேஷம் என்னவென்றால், வாசல் கீழேயுள்ள சிலிக்கானைத் தொடுவதே இல்லை. நடுவில் சிலிக்கான் டை ஆக்ஸைடு, அதாவது கிட்டத்தட்டக் கண்ணாடி. வாசலில் சில வோல்ட் வைத்ததும், கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே அதன் மின்புலம் அந்தப் பக்கத்து எலெக்ட்ரான்களை இழுத்து வரிசைப்படுத்துகிறது. ஒரு வாய்க்கால் உருவாகிறது. வோல்டேஜ் கூடினால் வாய்க்கால் அகலும், குறைந்தால் சுருங்கும், இன்னும் குறைந்தால் மறைந்தே போகும்.

பழைய பைபோலார் டிரான்ஸிஸ்டர் இப்படியல்ல. மதகு திறந்திருக்கும்வரை ஒரு சிற்றோடை அதற்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 5 ஆம்பியரை ஆள, அதற்கு ஆம்பியரில் ஒரு பங்கை ஓயாமல் ஊட்ட வேண்டும். மாஸ்ஃபெட்டுக்கு நிலையான ஊட்டம் தேவையில்லை. ஆனால் 'கரண்டே வேண்டாம்' என்று விளம்பரங்கள் சொல்வதும் முழு உண்மையல்ல. கண்ணாடியும் அதன் இருபுறமும் சேர்ந்து ஒரு கெபாசிட்டராகிவிடுகின்றன. பெரிய மாஸ்ஃபெட்டில் அது 1,000 பிகோஃபாரடுக்கும் மேல். ஒலி உச்சஸ்தாயிக்குப் போகும்போது இந்தக் கெபாசிட்டரை விநாடிக்குப் பல ஆயிரம் முறை நிரப்பிக் காலி செய்ய வேண்டும். முந்தைய கட்டம் நோஞ்சானாக இருந்தால் ஒலியின் கூர்மை மழுங்கும்.

அந்தக் கண்ணாடி மிக மெல்லியது. பெரும்பாலான மாஸ்ஃபெட்டுகளில் 20 வோல்ட்டுக்கு மேல் அது தாங்கும் என்ற உத்தரவாதம் இல்லை. வறண்ட காற்றில் கையில் சேரும் நிலைமின்சாரமே அதைத் துளைத்துவிடும். ஆண்டின் பெரும்பகுதி ஈரமாக இருக்கும் அந்தமான் காற்று இந்த ஒரு விஷயத்தில் நண்பன். மற்றபடி அதே ஈரமும் உப்பும் சேர்ந்து கால்களை அரித்து, சால்டர் வைத்த இடங்களைப் பூக்கவைக்கும். ஆகவே வாசலுக்கும் ஊற்றுக்கும் நடுவே ஒரு ஸீனர் டயோடைக் காவலுக்கு வைப்பதும், போர்டுக்கு வார்னிஷ் பூசுவதும் தீவுக்காரர்களுக்கு ஆடம்பரமல்ல.

மூன்று கட்டங்கள்

ஒரு குரலின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் சர்க்யூட் தானாகப் புரியும். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். முன் ஆம்ப்ளிஃபயர் அதைக் கிட்டத்தட்ட 1 வோல்ட்டுக்குக் கொண்டுவருகிறது. அதன்பின் பவர் ஆம்ப்ளிஃபயர். அதில் மூன்று கட்டங்கள்.

முதல் கட்டம், இரட்டையர்களான இரண்டு சிறிய டிரான்ஸிஸ்டர்கள். ஒன்று வரும் குரலைக் கேட்கிறது. மற்றொன்று ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒலியின் ஒரு சிறு பங்கைக் கேட்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போகும்.

இரண்டாம் கட்டம் அந்த வித்தியாசத்தைப் பல மடங்கு வோல்டேஜாக உயர்த்துகிறது. 40 வோல்ட் உச்சி இங்கேயே தயாராகிவிடும். ஆனால் அதற்குப் பின்னே கரண்ட் கிடையாது. நேரே ஸ்பீக்கரில் இணைத்தால் முனகக்கூட வராது.

மூன்றாம் கட்டத்தில்தான் மாஸ்ஃபெட் ஜோடி. என் சேனல் வகை, அலையின் மேல்பாதியை +50 வோல்ட்டிலிருந்து தள்ளுகிறது. பி சேனல் வகை, கீழ்ப்பாதியை -50 வோல்ட் பக்கம் இழுக்கிறது. இவை வோல்டேஜைக் கூட்டுவதில்லை. சொல்லப்போனால் சில வோல்ட்டைத் தின்றுவிடுகின்றன. தருவது கரண்டை. ஜோடியில் பி சேனல் கொஞ்சம் சோம்பல். அதில் மின்சாரத்தைச் சுமக்கும் 'துளை'கள் எலெக்ட்ரான்களைவிட மெதுவாக நகர்பவை. ஆகவே அதே வேலைக்கு அதற்குப் பெரிய சில்லு தேவைப்படுகிறது.

முதல் கட்டத்தில் பார்த்த 'தன் ஒலியைத் தானே கேட்கும்' தந்திரத்துக்குப் பெயர் எதிர்மறைப் பின்னூட்டம். வெளியே வரும் ஒலி மூலத்திலிருந்து எந்தப் பக்கம் வழுவினாலும் அந்த வழுவலே திருத்தமாகத் திரும்பிவருகிறது. பின்னூட்டப் பாதையில் 22 கிலோ ஓம், 1 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர்களை வைத்தால், உள்ளே வரும் வோல்டேஜ் 23 மடங்காகி வெளியே வரும். மாஸ்ஃபெட்டின் வயது, சூடு, பிறவிக்கோணல் ஆகியவற்றுக்கு அதில் அதிகம் பேச்சில்லை. தீவில் இதன் அருமை பெரிது: வெந்துபோன ஒன்றின் இடத்தில் வேறு தொகுப்பிலிருந்து வந்த மாஸ்ஃபெட்டை வைத்தாலும் ஒலி அளவு மாறாது.

இந்த யோசனை பிறந்த இடமும் ஒரு படகுதான். 1927 ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலை, ஹட்சன் நதியைக் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர் ஹெரால்டு பிளாக், கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைத் தாளிலேயே இதை வரைந்தார். அவர் தீர்க்க முயன்றது நெடுந்தொலைவுத் தொலைபேசியில் குரல் சிதைவதை. வரிசையாக வைத்த ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரும் தன் பங்குக்குக் குரலைக் கெடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

சூட்டின் கணக்கு

மேல்பாதி ஒருவருக்கு, கீழ்ப்பாதி இன்னொருவருக்கு என்று பிரித்ததில் ஒரு சிக்கல். வாசலில் குறிப்பிட்ட வோல்டேஜ் வரும்வரை மாஸ்ஃபெட் விழிப்பதில்லை. ஒருவர் தூங்கப்போய் மற்றவர் எழும் இடைவெளியில் ஒலி கரகரக்கும். அதுவும் மெல்லிய ஒலியில்தான் அதிகம் தெரியும். மருந்து: பாட்டே இல்லாதபோதும் இரண்டையும் அரைத்தூக்கத்தில் வைக்க ஒரு சிறு கரண்ட். பயஸ் என்பது இதுதான். சுமார் 100 மில்லிஆம்பியர் என்று வைத்தால், 100 வோல்ட் இடைவெளியில் சும்மா இருக்கும்போதே 10 வாட் சூடு.

மாஸ்ஃபெட் பற்றிய பிரபலமான நம்பிக்கை ஒன்று இங்கே இடறுகிறது. 'சூடானால் அது தானாகவே கரண்டைக் குறைத்துக்கொள்ளும், வெந்து சாகாது' என்பார்கள். ஹிட்டாச்சி பாணியின் பக்கவாட்டு வகைக்கு இது பெருமளவு சரி. அந்த 100 மில்லிஆம்பியரைத் தாண்டியதுமே சூடு அதன் கையைக் கட்டிவிடுகிறது. ஆனால் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஐஆர்எஃப் வரிசை, ஸ்விட்ச் வேலைக்காகச் செய்யப்பட்ட செங்குத்து வகை. அதில் இந்தத் தற்காப்பு பல ஆம்பியர் ஓடும்போதுதான் தொடங்கும். பயஸ் அளவில் நேர் எதிர்: சூடு ஏற ஏறக் கரண்ட் கூடும், கரண்ட் கூடச் சூடு ஏறும். ஆகவே அதே அலுமினியத் தகட்டில் ஒரு சிறு டிரான்ஸிஸ்டரைப் பொருத்தி, சூட்டை உணர்ந்து பயஸைக் குறைக்கச் செய்ய வேண்டும். பக்கவாட்டு வகைக்கு வரைந்த சர்க்யூட்டில் ஐஆர்எஃப் 540-ஐ மாட்டிவிட்டு, 'மாஸ்ஃபெட் சரியில்லை' என்று குறைபட்டுக்கொள்வது பழைய கதை.

ஒன்று வெந்தால் நஷ்டம் அதோடு நிற்பதில்லை. செத்த மாஸ்ஃபெட் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். 50 வோல்ட் நேர்மின்சாரம் அப்படியே ஸ்பீக்கருக்குப் போய்க் காயிலைக் கருக்கிவிடும். இதைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஒரு ரிலே சில நூறு ரூபாய்ச் சமாசாரம். சென்னை ரிச்சி தெருவுக்கு நடந்துபோய் இன்னொன்று வாங்க முடிகிறவர் அதை மிச்சம் பிடிக்கலாம். அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டியவரால் முடியாது.

பாதி திறந்த மதகு

இனி எரிபொருள் கணக்கு. மேலே சொன்ன 100 வாட் ஆம்ப்ளிஃபயரை முழு வீச்சில் ஓட்டினால் ஏரியிலிருந்து சுமார் 160 வாட் எடுக்கும். 60 வாட் சூடாகப் போகும். மோசமில்லை. ஆனால் பேச்சும் பாட்டும் எப்போதும் உச்சியில் இருப்பதில்லை. சராசரி, முழு பலத்தில் எட்டில் ஒரு பங்கு என்று வைப்பது வழக்கம். அப்போது ஸ்பீக்கருக்குப் போவது 12.5 வாட், ஏரியிலிருந்து எடுப்பது சுமார் 66 வாட். ஐந்தில் ஒரு பங்குதான் வேலைக்கு ஆகிறது. ஒலியைக் குறைத்தாலும் சூடு குறைவதில்லை.

காரணம், மதகு பெரும்பாலான நேரம் பாதி திறந்திருக்கிறது. முழுதாக மூடிய மதகில் நீர் ஓடாது. முழுதாகத் திறந்ததில் தடையில்லை. பாதி திறந்ததில்தான் நீர் முட்டி மோதி இரைகிறது. மின்சாரத்தில் அந்த இரைச்சல்தான் சூடு.

அப்படியானால் மதகைப் பாதி திறக்காமலேயே வைத்தால்? இதுதான் டி வகை ஆம்ப்ளிஃபயர். மாஸ்ஃபெட்டை விநாடிக்குச் சில லட்சம் முறை முழுதாகத் திறந்து முழுதாக மூடுகிறார்கள். பாட்டின் அலை உயர்ந்தால் திறந்திருக்கும் நேரம் நீளும், தாழ்ந்தால் குறுகும். வெளியே ஒரு சுருளும் கெபாசிட்டரும் இந்தத் துடிப்புகளைச் சமன் செய்து பழைய அலையாக்குகின்றன. 1950-களிலேயே இருந்த இந்த யோசனைக்கு அவ்வளவு வேகமான மதகு கிடைக்கவில்லை. மாஸ்ஃபெட் வந்துதான் அது பிழைத்தது. ஐஆர்எஃப் வரிசைக்குத் தன் பிறவி வேலையும் இங்கேதான் கிடைத்தது. முழு வீச்சில் 90 சதவீதத்துக்கு மேல் திறன். இன்றைய புளூடூத் ஸ்பீக்கர்களுக்குள் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

அதே 12.5 வாட் ஒலிக்கு டி வகை 20 வாட் அளவில் முடித்துக்கொள்ளும். மிச்சம் சுமார் 45 வாட். ஒரு மாலை நேரத் திருவிழாவில் இது அரைக் குவளை டீசல்கூட இல்லை. அதற்காக யாரும் பழைய பெட்டியைக் கடலில் போட வேண்டாம். கணக்கு மாறுவது ஜெனரேட்டர் நின்ற பிறகு.

100 ஆம்பியர்-மணி கொண்ட 12 வோல்ட் பாட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கிறது. பாட்டரி கெடாமலிருக்கப் பாதியை மட்டும் எடுப்பதாகக் கொள்வோம். இடையிலுள்ள மாற்றுக் கருவியின் இழப்பை ஒதுக்கிவிட்டால், பழைய வகை 9 மணி நேரம் பேசும். டி வகை 30 மணி நேரம் பேசும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமான்-நிகோபாரின் பல தீவுகள் வெளித்தொடர்பை இழந்தன. அப்படி ஒரு நாளில், 'கரைப்பக்கம் போகாதீர்கள்', 'படகு வருகிறது' என்று சொல்லும் மைக், முதல் இரவைத் தாண்டுமா, மறுநாள் முழுதும் தாங்குமா என்பதுதான் இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்.

12 வோல்ட்டுக்கு ஒரு வரம்பும் உண்டு. என்ன தலைகீழாக நின்றாலும் அதிலிருந்து நேராக 8 ஓம் ஸ்பீக்கருக்கு 9 வாட்டுக்கு மேல் தர முடியாது. அதைத் தாண்ட, வோல்டேஜை உயர்த்தும் கருவி வேண்டும். அல்லது மைக் செட்காரர்களின் அஹுஜா பெட்டிகளில் போல வெளியீட்டில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் இன்னொரு உபகாரமும் செய்கிறது. 100 வாட்டை 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேராக அனுப்பினால் ஒயரில் 3.5 ஆம்பியர் ஓடும். 100 வோல்ட் லைனாக அனுப்பினால் 1 ஆம்பியர். ஒயரில் விரயமாகும் சக்தி பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும். படகுத்துறையில் ஒரு குழாய், பள்ளிக்கூடத்தில் ஒரு குழாய் என்று தூரம் தூரமாகக் கட்ட இதுவே வழி.

வாட் மயக்கம்

இவ்வளவுக்குப் பிறகும் கடைக்குப் போனால் முதல் கேள்வி 'எத்தனை வாட்?' என்பதுதான். 1990-களில் உள்ளங்கையளவு ஸ்பீக்கரின் மேல் '1,000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று ஒட்டி விற்றார்கள். அந்த எண்ணுக்கு எந்த ஏரியிலும் நீர் இருக்கவில்லை. உண்மையான வாட்டாகவே இருந்தாலும் காது அதற்கு அவ்வளவாக மசிவதில்லை. வாட்டை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். கொஞ்சம் கூடியதுபோல் தெரியும். 'இரண்டு பங்கு சத்தம்' என்று காது ஒப்புக்கொள்ள 10 டெசிபல், அதாவது 10 மடங்கு வாட் வேண்டும். அதே 10 டெசிபலை, அதிகத் திறனுள்ள ஒரு குழாய் ஸ்பீக்கர் ஒரு சொட்டு டீசல் கூடுதலாகக் கேட்காமல் தந்துவிடும். 100 வாட் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி எறிந்து 200 வாட் வாங்குவதைவிட, ஸ்பீக்கரை மாற்றுவது புத்திசாலித்தனம்.

சத்தத்துக்குச் சட்டமும் எல்லை போட்டிருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பொது அவசரநிலைக்கு அந்த விதியே விலக்குத் தருகிறது. எந்த இரவுக்காக அந்த விலக்கு எழுதப்பட்டதோ, அந்த இரவில் பாட்டரியில் சக்தி மிச்சமிருக்க வேண்டும் என்று விதியால் எழுத முடியாது. அதை மதகைத் தேர்ந்தெடுக்கிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.